சைரன்: சங்கா, கடல்கன்னியா, ஆவுளியாவா?

கேள்வி, ஜூன் 3

ஆம்புலன்ஸில் ஊதுவது சைரன். கிரேக்கக் கதையில் பாட்டுப் பாடி மாலுமிகளைக் கொல்லும் கடல்கன்னிகளுக்கும் சைரன் என்றுதான் பெயர். ஆபத்தை நினைவூட்டுவதால் கருவிக்கு அந்தப் பெயர் வந்தது என்று என் பையனுக்கு விளக்கிவிட்டேன். "கதையில சைரன் எச்சரிக்கவே இல்லையேப்பா, கூப்பிட்டுத்தானே கொல்லுது" என்று மடக்கிவிட்டான். யார் சொல்வது சரி?

ஜூன் 3, இரவு 10.20

பையன் சொல்வதுதான் சரி. நீங்கள் சொன்ன காரணம் தவறு. நானும் ரொம்ப நாள் அதையே நம்பிக்கொண்டிருந்தவன்தான்.

ஹோமரின் ஒடிசியில் பன்னிரண்டாம் பகுதியில் சைரன்கள் வருகிறார்கள். கடல் வழியாக ஊர் திரும்பும் ஒடிசியஸுக்குக் கிர்கே என்ற மந்திரக்காரி முன்கூட்டியே சொல்லி அனுப்புகிறாள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் புல்வெளியில் அழுகும் மனித எலும்புகள் குவிந்து கிடக்கும், கூட வருகிறவர்களின் காதை மெழுகால் அடைத்துவிடு, நீ கேட்டே ஆக வேண்டும் என்றால் உன்னைப் பாய்மரத்தோடு கட்டச் சொல் என்கிறாள். அப்படியே செய்கிறான். மெழுகைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கி, உள்ளங்கையில் பிசைந்து, வெயில் சூட்டில் இளக்கி ஒவ்வொருவர் காதிலும் அடைக்கிறான். பாட்டு காதில் விழுந்ததும் அவிழ்த்துவிடச் சொல்லிப் புருவத்தால் சாடை காட்டுகிறான். இரண்டு பேர் எழுந்து வந்து இன்னும் கயிறு போட்டு இறுக்கிவிட்டுப் போகிறார்கள்.

எனக்குப் பிடித்த இடம் அந்தப் புருவம்தான். கை கால் கட்டியாயிற்று, கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அவனுக்கு மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.

எச்சரிக்கை எங்குமே இல்லை. "இங்கே வா, கப்பலை நிறுத்து" என்பதுதான் பாட்டு.

ஜூன் 4, காலை 6.45

நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். நீங்கள் "கடல்கன்னிகள்" என்று எழுதியதை நானும் கண்டுகொள்ளாமல் தாண்டிவிட்டேன். ஹோமர் அவர்களை வர்ணிக்கவே இல்லை. றெக்கையும் இல்லை, வாலும் இல்லை. குரல் மட்டும்தான். எத்தனை பேர் என்றாவது தெரிகிறதா என்றால், அது தெரிகிறது. பழைய கிரேக்கத்தில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று உண்டு, சமஸ்கிருதத்தில் இருப்பது போல. அந்த இருமை வடிவத்தில்தான் பெயர் வருகிறது. ஆக, இரண்டு பேர்.

உடம்பு கொடுத்தவர்கள் கிரேக்கக் கலைஞர்கள். கொடுத்ததும் மீன் உடம்பு இல்லை, பறவை உடம்பு! லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு ஜாடி இருக்கிறது. கி.மு. 480–470 வாக்கில் செய்தது, இத்தாலியில் வுல்ச்சி என்ற இடத்தில் கிடைத்தது. பாய்மரத்தில் கட்டுண்ட ஒடிசியஸ், இரண்டு பக்கமும் பாறை, பாறைமேல் பெண் தலையும் பறவை உடம்புமாகச் சைரன்கள். மூன்றாவது சைரன் கப்பலை நோக்கித் தலைகுப்புற விழுந்துகொண்டிருக்கிறாள், கண் மூடியிருக்கிறது. யாராவது கேட்டுவிட்டுத் தப்பித்துப் போனால் சைரன் செத்துவிடும் என்று ஒரு கதை உண்டு.

மீன் வால் ஆயிரம் வருடத்துக்கும் மேலே கழித்துத்தான் எழுத்தில் வருகிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டு வாக்கில், விநோதப் பிறவிகளைப் பற்றி லத்தீனில் தொகுத்த ஒரு நூலில். அதற்கப்புறமும் சில நூற்றாண்டுகள் குழப்பம்தான். சில ஓவியர்கள் எதற்கு வம்பு என்று றெக்கை, வால் இரண்டையும் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். இன்று பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் ஸ்பானிஷிலும் கடல்கன்னிக்கே சைரன் என்பதுதான் பெயர். ரஷ்யக் கதைகளில் வரும் சிரின் மட்டும் பெண் தலைப் பறவையாகவே தங்கிவிட்டது.

ஜூன் 4, மதியம் 1.10

"அழகில் மயங்கித்தானே மாலுமிகள் போனார்கள்" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. ஒடிசியில் சைரன் பாடுவது மொத்தம் எட்டே வரி. அதில் காதலும் இல்லை, கட்டிலும் இல்லை. டிராய் போரில் நடந்தது எல்லாம் எங்களுக்குத் தெரியும், பூமியில் நடப்பது எல்லாம் தெரியும், எங்கள் பாட்டைக் கேட்டவன் சந்தோஷமாகவும் முன்னைவிட அதிகம் தெரிந்துகொண்டும் போவான். இவ்வளவுதான் பாட்டு. ரோமாபுரிச் சிந்தனையாளர் சிசரோவே இதைக் கவனித்து, அவர்கள் இழுத்தது குரல் இனிமையால் அல்ல, அறிவு தருகிறேன் என்று சொன்னதால்தான் என்று எழுதிவைத்திருக்கிறார்.

நேற்று இரவு பத்து மணிக்கு உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு இரண்டு மணி வரை படித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் திட்டு. என்னைக் கட்டிவைக்கத்தான் ஆள் இல்லை.

ஜூன் 4, மதியம் 1.25

அவசரத்தில் கருவியைப் பற்றி இன்னும் சொல்லவே இல்லை. சாயங்காலம்.

ஜூன் 4, இரவு 9.00

கருவிக்குப் பெயர் வைத்தவர் காக்னியார் டி லா டூர் என்ற பிரெஞ்சுக்காரர், 1819இல். அவருக்கு முன்பே ஸ்காட்லாந்தில் ஜான் ராபிசன் இதே மாதிரி ஒன்றைச் செய்து பார்த்திருந்தார், ஆனால் பெயர் ஒட்டிக்கொண்டது பிரெஞ்சுக்காரர் வைத்ததுதான். ஒரு வட்டத் தகடு, அதன் ஓரத்தில் சம இடைவெளியில் துளைகள். தகடு சுற்றும்போது துளைகளுக்கு நேரே காற்றை ஊதினால், துளை வரும்போது காற்று போகும், துளை நகர்ந்ததும் அடைபடும். விட்டு விட்டு வரும் அந்தத் துடிப்பு வேகமாகும்போது காதுக்கு ஒரே சுருதியாகக் கேட்கும். நொடிக்கு எத்தனை சுற்று என்பதைத் துளை எண்ணிக்கையால் பெருக்கினால் சுருதி எண் கிடைத்துவிடும். அந்தக் காலத்தில் ஒரு சுருதிக்கு நொடிக்கு எத்தனை அதிர்வு என்று எண்ணிப் பார்க்க இது பெரிய உபகாரம். அதாவது அது சோதனைக்கூடத்துக் கருவி. யாரையும் எச்சரிக்கச் செய்தது இல்லை.

சரி, ஏன் சைரன்? காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரைச் செலுத்தினாலும், முழுக்கத் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தாலும் அது ஒலி எழுப்பியது. தண்ணீரில் பாடுகிறது, ஆகவே சைரன். இவ்வளவுதான் காரணம். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் மனதில் இருந்தது மீன் வால் சைரன். ஹோமருடைய சைரன் புல்வெளியில் உட்கார்ந்திருந்தது. மியூசியத்து ஜாடியில் இருப்பதோ பாறைமேல் நிற்கும் பறவை. இரண்டும் தண்ணீருக்குள் பாடியதே இல்லை. ஆக, இடையில் ஒட்டிய வாலால் வந்த பெயர்தான் இன்று ஆம்புலன்ஸ்மேல் ஊதுகிறது.

ஜூன் 5, காலை 7.30

"துளை வைத்த தகடு பாடும் என்பதெல்லாம் புத்தகத்தில்தான்" என்று ஒருவர். இன்று லீவு. பார்த்துவிடலாம்.

ஜூன் 5, மாலை 4.50

பார்த்தாயிற்று. பழைய கணினியில் கழற்றிவைத்த 12 வோல்ட் சின்ன ஃபேன், அதன் நடுக்குமிழில் ஒரு பழைய சிடியை ஒட்டினேன். காய்ச்சிய ஆணியால் துளை போட்டதில் முதல் சிடி விரிசல் விட்டது. இரண்டாவதில் ஓரமாக 12 துளை சரியாக விழுந்தது. மை தீர்ந்த பேனாவின் குழாயைத் துளைக்கு மிக அருகில் பிடித்து ஊதினால்... முதலில் வெறும் காற்றுச் சத்தம். குழாயை இன்னும் நெருக்கமாக, தகடு உரசும் அளவுக்குக் கொண்டுபோனதும் கொசு பாடுவது போல ஒரு ஒலி. ஃபேனை அணைத்ததும் அது அப்படியே இறங்கி இறங்கி அடங்கியது. அந்த இறக்கத்தைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அசல் மில் சங்கு!

ஃபேனில் நிமிடத்துக்கு 2,200 சுற்று என்று ஒட்டியிருந்தது. 60ஆல் வகுத்தால் நொடிக்கு 36 சொச்சம், துளை 12, பெருக்கினால் 440. ஆறு கட்டை சுருதி வரும் என்று கணக்குப் போட்டேன். ஃபோனில் பார்த்தால் 370, நாலரைக் கட்டைதான். சிடியின் கனத்தில் ஃபேன் வேகம் குறைந்திருக்கிறது. திருப்பிக் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 1,850 சுற்று வருகிறது. ராபிசனும் காக்னியாரும் கிட்டத்தட்ட இதைத்தான் செய்தார்கள். அவர்களிடம் ஃபோன் இல்லை, எனக்கு அது போதும்.

வீட்டம்மா சமையல்கட்டிலிருந்து, "குக்கர் நான் வைக்கவே இல்லையே, எங்கேருந்து சத்தம்?"

ஜூன் 6, காலை 8.00

மில் சங்கு என்று எழுதியதும் இரண்டு பேர் "சங்கு என்றால் கோயில் சங்கா?" என்று கேட்டுவிட்டீர்கள். எந்த ஊர்ப் பிள்ளைகள்? கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் ஊதுகிற சைரனுக்குச் சங்கு என்றுதான் பெயர். "சைரன்" என்று யாரும் சொல்லி நான் சின்ன வயதில் கேட்டதே இல்லை. அப்பா ஸ்பின்னிங் மில்லில் சைடர், அதாவது நூற்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர். முதல் சங்குக்கு அம்மா தூக்குப்போசியில் சோறு போட்டு மூடுவார். இரண்டாம் சங்குக்குள் அப்பா மில் கேட்டைத் தாண்டியிருக்க வேண்டும், பிந்தினால் கேட் மூடிவிடும். அரை நைட் ஷிஃப்ட் என்றால் நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் கிளம்பிவிடுவார். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்தது இரண்டு வீட்டில். மற்றவர்களுக்கெல்லாம் சங்குதான்.

இதை எழுதும்போதுதான் ஒன்று உறைக்கிறது. ஆம்புலன்ஸ் சைரன் "விலகு" என்கிறது. மில் சங்கு "வா" என்றது. ஹோமரின் சைரன் சொன்னதும் அதுதானே? அப்பா வாயில் மெழுகு, காதில் மெழுகு என்றெல்லாம் கதை கட்ட நான் வரவில்லை. அந்த மில் சோறு போட்டது. ஆனால் பஞ்சுத் தூசியில் அவருக்கு வந்த இருமல் கடைசி வரை போகவில்லை, அதையும் சொல்லியாக வேண்டும்.

ஜூன் 6, காலை 8.20

மேலே "அப்பா வாயில் மெழுகு" என்று எழுதியிருக்கிறேன். வாயில் எதற்கு மெழுகு? காதில் மட்டும். திருத்தாமல் விட்டுவைக்கிறேன், இருக்கட்டும்.

ஜூன் 6, இரவு 8.40

சங்கு என்ற சொல்லும் சைரன் போன வழியிலேயே போயிருக்கிறது, கவனித்தீர்களா? குழந்தைக்குப் பால் புகட்டும் சங்கு, கல்யாணத்தில் ஊதும் சங்கு, சாவு வீட்டுச் சங்கு. மூன்று சங்குப் பாட்டு எல்லோருக்கும் தெரியும். நாலாவதாக மில் சங்கு அதில் ஏறவில்லை. "அவனுக்குச் சங்கு ஊதியாச்சு" என்றால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டாம்.

கிரேக்கத்திலும் சைரனுக்குச் சாவு வீட்டில் வேலை இருந்தது. ஏதென்ஸில் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்லறைகள்மேல் சைரன் சிலைகள் இருக்கின்றன. சில யாழ் வாசிக்கும், சில தலையைப் பிய்த்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும். பெர்செபனி என்ற பெண்ணைப் பாதாளத் தேவன் தூக்கிப் போனபோது கூட விளையாடிய தோழிகள் இவர்கள் என்றும், கடல் முழுக்கத் தேடுவதற்காக றெக்கை கேட்டு வாங்கினார்கள் என்றும் ரோமாபுரிக் கவிஞர் ஓவிட் சொல்கிறார். எனக்கு இந்தச் சைரன்களைத்தான் ரொம்பப் பிடிக்கிறது. இவர்கள் யாரையும் கொல்லவில்லை, தொலைந்த தோழியைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. வருடா வருடம் ஜனவரி 30 காலை 11 மணிக்கு நம் நாட்டில் பல ஊர்களில் சைரன் ஊதுவது எதற்கு? இரண்டு நிமிடம் மௌனமாக நிற்க.

ஜூன் 7, காலை 10.05

தலைப்பில் போட்ட ஆவுளியா எங்கே என்று கேட்டவருக்கு: இதோ. கடல்பசு, அதாவது ஆவுளியா, விலங்கியலில் சைரீனியா என்ற வரிசையைச் சேர்ந்தது. 1811இல் இல்லிகர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர், சைரனிலிருந்துதான். அதே வரிசையில் இருந்த ஸ்டெல்லர் கடல்பசுவை 1741இல் கண்டுபிடித்தார்கள், 1768க்குள் கடைசி ஒன்று வரை கொன்று தின்று முடித்துவிட்டார்கள். 27 வருடம். யார் யாரைக் கூப்பிட்டுக் கொன்றது?

நம் பக்கம் பாக் விரிகுடாவில் இன்னும் இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையையொட்டி 448 சதுர கிலோமீட்டர் கடலைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நான் ஒரு முறை மல்லிப்பட்டினம் பக்கம் ஆசையாகப் படகில் போய் ஒன்றையும் பார்க்காமல் திரும்பியவன். பார்த்தது கடல்புல் மட்டும். இடுப்பளவுத் தண்ணீரில் பச்சை நாடா போல ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் நீளமாக, புல் பிடுங்கிய மண் தடம். படகோட்டி அண்ணன் துடுப்பால் காட்டி, "ஆவுளியா மேஞ்ச இடம் தம்பி, மாடு மேஞ்சது கணக்கா இருக்கு பாருங்க" என்றார். பாடுமா என்று கேட்டேன். "அது எங்க பாடும்? மேல வந்து புஸ்ஸுன்னு மூச்சு விட்டுட்டு உள்ள போயிரும்."

ஜூன் 7, இரவு 9.30

கடல்பசுவைப் பார்த்துத்தான் கடல்கன்னிக் கதையே பிறந்தது என்று சிலர் அடித்துச் சொல்கிறீர்கள். எனக்கு உடன்பாடு இல்லை. சைரனுக்கு வால் ஒட்டியது ஐரோப்பாவில் ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியவர்கள். அவர்கள் பக்கக் கடலில் கடல்பசு கிடையாது. கதை முதலில் இருந்தது, விலங்கை அப்புறம் கொண்டுவந்து அதில் பொருத்தினார்கள். கொலம்பஸே சாட்சி. 1493 ஜனவரியில் ஹிஸ்பானியோலா தீவுக்கருகில் மூன்று சைரன்களைப் பார்த்ததாகக் குறிப்பில் இருக்கிறது, கூடவே "படத்தில் வரைவது போல அவ்வளவு அழகாக இல்லை" என்ற குறையும். கதையை மனதில் வைத்துக்கொண்டு போனவர்தான் இப்படி ஏமாற முடியும்.

ஜூன் 8, காலை 6.15

திருத்தம். ஆவுளியா பாடாது என்று அண்ணன் சொன்னதை அப்படியே நான் போட்டுவிட்டேன். ஆஸ்திரேலியக் கடலில் தண்ணீருக்குள் ஒலிவாங்கி வைத்துக் கேட்டிருக்கிறார்கள். கீச்சிடும், குரைக்கும், நீளமாக ஒரு நடுக்க ஒலியும் எழுப்புமாம். அண்ணன் மேலே இருந்து கேட்டார், அது கீழே இருந்து பாடியிருக்கிறது. காக்னியார் வைத்த பெயருக்குச் சரியான சொந்தக்காரி ஆவுளியாதான் போல.

ஜூன் 8, காலை 11.40

"சிரிஞ்சும் சைரனும் ஒரே வேரா?" இல்லை. அது சிரின்க்ஸ். கிரேக்கக் கதையில் பான் என்ற தேவன் துரத்த, நாணலாக மாறித் தப்பித்த பெண். அந்த நாணலை வெட்டி அவன் குழல் செய்தான். குழல் என்ற பொருளிலிருந்து ஊசி போடும் சிரிஞ்ச் வந்தது. ரஷ்யனில் லைலாக் பூவுக்கு சிரேன் என்று பெயர், சைரன் மாதிரியே ஒலிக்கும், அதுவும் இந்தக் குழல்காரி வழிதான். பறவையின் குரல் உறுப்புக்கும் சிரின்க்ஸ் என்றே பெயர். ஆக, சைரன் பறவையாகப் பாடிய காலத்தில் தொண்டையில் இருந்தது சிரின்க்ஸ். ரொம்ப யோசிக்காதீர்கள்.

ஜூன் 8, இரவு 10.50

வேதாகமத்தில் சைரன் உண்டா என்று கேட்ட அக்காவுக்கு. லத்தீன் வேதாகமத்தில் உண்டு, ஏசாயா 13:22. பாபிலோன் பாழாகும் என்று சொல்லும் இடம். எபிரேயச் சொல் பாழிடத்தில் திரியும் ஏதோ ஒரு விலங்கு, பலரும் நரி இனம் என்கிறார்கள். லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதைச் சைரன் ஆக்கினார். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அதே வசனத்தில் வலுசர்ப்பங்கள். ஒரே அரண்மனையில் எபிரேயத்தில் நரி, லத்தீனில் பாடகி, தமிழில் பாம்பு.

ஜூன் 10, மாலை 6.30

கேள்வி கேட்டவரின் பையன் கேட்டானாம், "மில் சங்கு ஏன் ஒரே சுருதி, யுத்தப் படத்துல வர்றது ஏன் ரெண்டு சுருதி?" நல்ல காது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஊதிய சைரனில் இரண்டு விசிறி, ஒன்றில் 10 வாசல், மற்றதில் 12. ஒரே அச்சில் சுற்றுவதால் இரண்டு சுருதி சேர்ந்து வரும், 5க்கு 6 என்ற விகிதத்தில். கீழ்ச் சுருதியை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் மேலே இருப்பது சாதாரண காந்தாரம். ஏறி இறங்கினால் விமானம் வருகிறது, ஒரே நிலையில் நின்றால் போய்விட்டது.

சிடியில் உள்வட்டமாக இன்னும் 10 துளை போட்டுவிட்டேன். இரண்டு பேனாக் குழாய், ஒன்று என் வாயில், ஒன்று மகள் வாயில். முதல் தடவை அவள் சிரித்துவிட்டாள். மூன்றாவது தடவை இரண்டு சுருதியும் சேர்ந்து வந்தது. ஹோமரும் இரண்டு பேர் என்றுதான் சொல்லியிருக்கிறார். வீட்டம்மா இந்த முறை குக்கரைப் பார்க்கவில்லை, நேராக வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.